வாசலும் கொல்லையும்: எபிதீலியச் செல் தன் பக்கங்களைப் பிரித்துக்கொள்ளும் கதை

நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்களைப் பிளாஸ்டிக் தட்டில் ஊட்டத் திரவம் ஊற்றி வளர்த்தால், சில நாளில் அவை தட்டின் அடியை முழுக்க மூடிவிடும். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், ஒற்றை அடுக்காக, பாய் விரித்தாற்போல் பரவும். அதற்குப் பிறகுதான் வேடிக்கை. சப்பாத்தி அனலில் உப்புவதுபோல அந்தப் பாயில் அங்கங்கே கொப்புளம் எழும்பும். சில மணி நேரம் கழித்து அமுங்கும். பிறகு வேறோர் இடத்தில் எழும்பும். செல்கள் அழுகி உரிந்து வருகின்றன என்றே முதலில் நினைக்கத் தோன்றும்.

நடப்பது அதற்கு நேர்மாறு. அந்தச் செல்கள் நல்ல ஆரோக்கியத்தோடு தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. மேலே இருக்கும் திரவத்திலிருந்து உப்பை உறிஞ்சிக் கீழே தள்ளுகின்றன. உப்பின் பின்னாலேயே நீரும் போகிறது. சிறுநீரகத்தில் இருந்திருந்தால் கீழே ரத்த நாளம் அதை வாங்கிக்கொண்டு போயிருக்கும். இங்கே கீழே இருப்பதோ பிளாஸ்டிக். போக வழியில்லாத நீர் பாயைத் தூக்கிவிடுகிறது. லைட்டனும் உடன் உழைத்தவர்களும் 1969இல் இந்தக் கொப்புளங்களைப் பற்றி எழுதினார்கள். செல்களுக்கு அப்போது வயது பத்துக்கு மேல். கலிபோர்னியாவில் மேடின், டார்பி என்ற இருவர் 1958ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு பெண் காக்கர் ஸ்பேனியல் நாயின் சிறுநீரகத்திலிருந்து அவற்றைப் பிரித்து எடுத்திருந்தார்கள். இருவர் பெயரையும் நாயையும் சிறுநீரகத்தையும் சேர்த்து எம்.டி.சி.கே. என்று அழைக்கப்படும் அந்தச் செல்வழி இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்ந்துகொண்டிருக்கிறது. இந்தச் சொற்பொழிவின் பாதிக் கதை அந்த நாயின் செல்களுக்குள்தான் நடக்கிறது.

கொப்புளம் எழுப்பும் கேள்வி எளிமையானது. தட்டில் லட்சக்கணக்கான செல்கள் இருக்கின்றன. எது மேல், எது கீழ் என்று அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு எப்படி எல்லாமே ஒரே திசையில் உப்பைத் தள்ளுகின்றன?

கும்பகோணத்துப் பழைய தெரு ஒன்றை நினைத்துக்கொண்டால் மீதி விளங்கும். வரிசையாக ஒட்டுவீடுகள். பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவே ஒரே பொதுச்சுவர். முன்னால் தெருவாசல், பின்னால் கொல்லை. தெருவிலிருந்து கொல்லைக்குப் போக வேண்டுமென்றால் யாராவது ஒருவர் வீட்டுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். எபிதீலியம் எனப்படும் திசு இப்படித்தான் அமைந்திருக்கிறது. குடல், சிறுநீரகக் குழல், மூச்சுக்குழல், பால்சுரப்பி, உமிழ்நீர்ச் சுரப்பி எதுவானாலும் வெளியுலகத்தைத் தொடும் பக்கம் வாசல். ரத்தத்தைப் பார்க்கும் பக்கம் கொல்லை. குடலின் உட்குழி உடம்புக்கு உள்ளே இருப்பதாகத் தோன்றினாலும், எபிதீலியத்தின் கணக்கில் அது தெருதான். அறிவியலார் வாசலை ஏபிகல் என்றும் கொல்லையைப் பேசோலேட்டரல் என்றும் சொல்வார்கள். அண்டைச் செல்லை ஒட்டிய பக்கச்சுவர்களும் கொல்லைக் கணக்கில்தான் சேரும் என்பது மட்டும் நம் வீட்டு வழக்கத்துக்கு மாறு.

இரண்டு பக்கத்துச் சவ்விலும் இருக்கும் புரதங்கள் வேறு வேறு. ஏன் வேறாக இருக்க வேண்டும் என்பதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை விட நல்ல விளக்கம் கிடையாது. இப்போது புழக்கத்தில் உள்ள கலவையில் ஒரு லிட்டர் நீருக்கு 2.6 கிராம் சாதாரண உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கும். எடையில் ஏற்றத்தாழ்வு தெரிந்தாலும், மூலக்கூறு எண்ணிக்கையில் கலவையின் மொத்தச் சோடியமும் குளுக்கோஸும் சரிசமம்: லிட்டருக்கு 75 மில்லிமோல். குடல் செல்லின் வாசலில் எஸ்.ஜி.எல்.டி.1 என்றொரு புரதம் நிற்கிறது. ஒரு குளுக்கோஸ் உள்ளே வரவேண்டுமானால் கூடவே இரண்டு சோடியம் வரவேண்டும் என்பது அதன் நிபந்தனை. உள்ளே வந்த குளுக்கோஸைக் கொல்லைப்பக்கத்துப் புரதம் வேறொன்று ரத்தத்துக்கு அனுப்புகிறது. சோடியத்தை வெளியேற்றுவது கொல்லையில் உள்ள சோடியம் பம்ப். ஒவ்வொரு சுழற்சிக்கும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் இந்த பம்ப்பை டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌ 1957இல் நண்டின் நரம்பில் கண்டுபிடித்தார்; 40 ஆண்டு கழித்து அதற்காக நோபல் பரிசு வந்தது.

இப்போது அந்த பம்ப் கொல்லையில் இல்லாமல் வாசலில் இருந்தால் என்ன ஆகும்? உள்ளே வந்த சோடியம் வந்த வழியே திரும்பிக் குடலுக்குள் கொட்டும். வாளியில் மொண்டு கிணற்றிலேயே ஊற்றுவது போல. செல் தன் சக்தியை எல்லாம் செலவழித்தும் ஒரு சொட்டு நீர் ரத்தத்துக்குப் போய்ச் சேராது. புரதம் இருப்பது மட்டும் போதாது, சரியான பக்கத்தில் இருக்க வேண்டும். காலரா நஞ்சு வாசலில் வந்து ஒட்டிக்கொண்டு வாசலில் உள்ள குளோரைடு கதவைத் திறந்துவிடுகிறது, நீர் பெருக்கெடுக்கிறது. ஆனால் எஸ்.ஜி.எல்.டி.1 அதனால் பாதிக்கப்படுவதில்லை. 1971இல் வங்கதேசப் போரின்போது பொங்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் கலந்து குடிக்கக் கொடுத்தே ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்ற முடிந்தது இதனால்தான். அந்த முகாமில் உயிர்காத்தது செல்லின் பக்க வேறுபாடு என்று சொன்னால் அது மிகையில்லை.

இரு பக்கமும் வேறு என்பது தவளைத் தோலிலிருந்தே தெரியவந்தது. கோபன்ஹேகனில் ஹான்ஸ் உஸ்ஸிங் தவளையின் தோலை இரண்டு உப்புநீர் அறைகளுக்கு நடுவே திரைபோலக் கட்டி, அதன் வழியே ஓடும் சோடியத்தை மின்னோட்டமாக அளந்தார். 1958இல், அதாவது அந்த நாயின் செல்கள் தட்டுக்கு வந்த அதே ஆண்டில், அவரும் கோஃபோட்-யோன்சனும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: தோலின் வெளிமுகம் சோடியத்தை உள்ளே விடுகிறது, உள்முகம் அதைப் பம்ப் செய்கிறது. ஒரு சவ்வுப் புரதத்தைக்கூடக் கண்ணால் பார்க்க முடியாத காலத்தில், மின்னோட்டத்தை மட்டும் வைத்துச் சொன்ன கணிப்பு அது. பிழையில்லாமல் நின்றது.

சரி, இந்த வேறுபாட்டைக் கட்டிக்காப்பது எது? எல்லோருக்கும் முதலில் தோன்றிய விடை: சுவர்.

செல் சவ்வு எண்ணெய்ப்படலம் போன்றது. அதில் புரதங்கள் மிதந்து நகரும். தடுப்பு இல்லாவிட்டால் வாசல் புரதமும் கொல்லைப் புரதமும் கொஞ்ச நேரத்தில் கலந்துவிடும். 1963இல் மர்லின் ஃபர்குவாரும் ஜார்ஜ் பாலடேயும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தத் தடுப்பைப் படம்பிடித்துக் காட்டினார்கள். வாசலுக்குச் சற்றுக் கீழே, அடுத்தடுத்த செல்களின் சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு செல்லைச் சுற்றி அரைஞாண்போல ஓடும் பட்டை. இறுக்க இணைப்பு என்று பெயர். அது செல்களுக்கு நடுவே நீர் கசியாமல் அடைக்கிறது. சவ்வின் வெளி அடுக்கில் மிதக்கும் கொழுப்பு மூலக்கூறுகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகாமலும் மறிக்கிறது. உள் அடுக்குக் கொழுப்புகளை அது மறிப்பதில்லை என்று 1986இல் வான் மீரும் சைமன்ஸும் காட்டினார்கள். பாதிச் சுவர் என்று சொல்லலாம்.

அந்தப் பட்டை எந்தப் புரதத்தால் ஆனது என்று கண்டுபிடிக்கப் பட்ட பாடு தனிக்கதை. ஷோய்ச்சிரோ ஸுகிடாவின் ஆய்வகம் 1993இல் ஆக்லூடின் என்ற புரதத்தைக் கோழியின் ஈரலிலிருந்து பிரித்து எடுத்தது. ஆள் அகப்பட்டுவிட்டான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து அதே ஆய்வகம் ஆக்லூடின் மரபணுவை நீக்கிப் பார்த்தது. சுவர் அப்படியே நின்றது! தாங்களே கண்டுபிடித்த புரதம் முக்கியமானதல்ல என்று தாங்களே காட்டும் நேர்மை எல்லா ஆய்வகங்களிலும் காணக் கிடைக்காதது. மறுபடி கோழி ஈரலுக்கே திரும்பினார்கள். 1998இல் கிளாடின்கள் கிடைத்தன. லத்தீனில் 'மூடு' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வைத்த பெயர். கிளாடின்-1 இல்லாமல் பிறந்த எலிக்குஞ்சுகள் தோல்வழியே நீர் வற்றி ஒரே நாளில் இறந்தன. சுவரின் செங்கல் இதுதான் என்பதில் இனி ஐயமில்லை.

ஆனால் சுவர்தான் வாசலையும் கொல்லையையும் உண்டாக்குகிறதா? 2006இல் அதே ஸுகிடா குழு கிளாடின்களை ஒழுங்காக அடுக்கிவைக்கும் இரண்டு புரதங்களை எலியின் பால்சுரப்பிச் செல்லில் இல்லாமல் ஆக்கியது. இறுக்க இணைப்பு அடியோடு காணாமல் போனது. வாசலும் கொல்லையும் மட்டும் கலையவில்லை. புரதங்கள் தத்தம் பக்கத்திலேயே இருந்தன. பொதுச்சுவரை இடித்த பிறகும் வீட்டில் வாசல் வாசலாகவும் கொல்லை கொல்லையாகவும் இருக்கிறதென்றால், உள்ளே யாரோ இடைவிடாமல் சாமான்களை அதனதன் இடத்தில் எடுத்துவைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த 'யாரோ' பற்றிய முதல் துப்பு வைரஸ்களிடமிருந்து வந்தது.

1970களின் பிற்பகுதியில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் டேவிட் சபாட்டினியின் ஆய்வகம். அவர் ஆர்ஜென்டினாக்காரர். அங்கே வந்து சேர்ந்த மார்செலினோ செரெய்ஹிதோவும் என்ரிக்கே ரோட்ரிகஸ்-பௌலனும் அதே நாட்டுக்காரர்கள். பிளாஸ்டிக் தட்டில் கொல்லைப்பக்கம் அடைபட்டுக் கிடக்கிறதே என்று, கொலாஜன் பூசிய நைலான் துணியின்மேல் எம்.டி.சி.கே. செல்களை வளர்த்தார் செரெய்ஹிதோ. துணி நீரை விடும். இரண்டு பக்கமும் திரவம் தொடும். இரண்டு பக்கத்தையும் தனித்தனியே சோதிக்கலாம். ரோட்ரிகஸ்-பௌலன் அந்த வகைச் செல்களில் வைரஸ்களை ஏற்றினார். ஒன்று இன்ஃப்ளூயன்சா. மற்றொன்று மாட்டுக்கும் குதிரைக்கும் வாயில் கொப்புளம் வரவைக்கும் வெசிகுலர் ஸ்டொமட்டைட்டிஸ் வைரஸ். பார்வைக்கு நம் ஊர்க் கோமாரி போலவே இருக்கும், ஆனால் முற்றிலும் வேறு நோய்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியின் படம் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. இன்ஃப்ளூயன்சாத் துகள்கள் அத்தனையும் வாசல்பக்கமாக மொட்டுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தன. மாட்டு வைரஸோ கொல்லைப்பக்கமாகவே வெளியேறியது. 1978இல் இந்த முடிவு கட்டுரையாக வெளியானபோது வைரஸ் ஆய்வாளர்களை விடச் செல் ஆய்வாளர்கள்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வைரஸ் தன் உறைப்புரதத்தைச் செய்யத் தனிப் பட்டறை எதுவும் வைத்திருப்பதில்லை. செல்லின் பட்டறையில்தான் செய்கிறது. ஆகவே வைரஸ் புரதம் எந்தப் பக்கம் போகிறதோ, அது செல்லின் சொந்த ஏற்பாடு. தொற்று ஏற்பட்ட சில மணி நேரத்தில் செல் ஒரே ஒரு புரதத்தை அண்டா அண்டாவாகச் செய்து தள்ளுவதால், அதன் பயணத்தைப் பின்தொடர்வதும் சுலபமாயிற்று.

1983இல் வந்த இன்னொரு முடிவு சுவர்க்கட்சிக்குச் சரியான அடி. கொலாஜன்மேல் ஒட்டி நிற்கும் ஒற்றைச் செல்லில், அண்டைச் செல் இல்லை, பொதுச்சுவர் இல்லை, அப்போதும் வைரஸ்கள் பக்கம் பார்த்தே வெளிவந்தன.

பிரிப்பு எங்கே நடக்கிறது என்பது அடுத்த கேள்வி. செல்லுக்குள் புதிதாகச் செய்த சவ்வுப் புரதங்கள் கோல்கி உறுப்பின் தட்டுகள் வழியாக ஏறி வரும். ஒரே செல்லில் இரண்டு வைரஸ்களையும் சேர்த்து ஏற்றிப் பார்த்தபோது, இரண்டின் புரதங்களும் ஒரே கோல்கியில் கலந்தே இருந்தன. வளர்ப்புத் தட்டை 37 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குக் குளிர்வித்தால் புரதங்கள் கோல்கியின் கடைசித் தட்டிலேயே தேங்கி நிற்கும் என்று ஹைடெல்பெர்க்கில் கார்ல் மேட்லினும் கை சைமன்ஸும் கண்டார்கள். திரும்ப 37 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அணையைத் திறந்தாற்போல் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். கிளம்பும்போதே இரண்டு வழியாகப் பிரியும். நடைமேடையில் குவிந்த தபால் மூட்டைகளை ரயில் அஞ்சல் சேவை (ஆர்.எம்.எஸ்.) ஆட்கள் பிரிக்கும் இடம் அந்தக் கடைசித் தட்டு.

முகவரியைப் படிப்பவர் இருக்கிறார் என்றால் முகவரி எங்கே எழுதியிருக்கிறது? கொல்லைக்குப் போகும் புரதங்களில் இதற்குத் தெளிவான விடை கிடைத்தது. கீத் மோஸ்டாவ் எடுத்துக்கொண்டது தாய்ப்பாலோடு தொடர்புள்ள ஒரு புரதம். பிரசவமான முதல் சில நாளில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில் ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதம் மிகுதியாக இருக்கிறது. சீம்பால் குழந்தைக்கு ஆகாதென்று பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாக வைக்கும் பழக்கத்தை மருத்துவர்கள் கண்டிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த ஐ.ஜி.ஏ. பால்சுரப்பியின் செல்லில் உண்டாவதில்லை; கொல்லைப்பக்கத்தில் உள்ள வேறு செல்கள் செய்வது. அதை வாசலுக்குக் கொண்டுவர ஒரு சுமைதூக்கி வேண்டும். அந்தச் சுமைதூக்கிப் புரதம் கோல்கியிலிருந்து முதலில் கொல்லைக்குப் போகிறது. அங்கே ஐ.ஜி.ஏ.வைப் பிடித்துக்கொள்கிறது. செல் இரண்டையும் சேர்த்து உள்ளிழுத்து, குட்டிக் குமிழுக்குள் வைத்து, வீட்டின் குறுக்கே நடத்தி வாசலுக்குக் கொண்டுவருகிறது. வாசலில் ஒரு நொதி சுமைதூக்கியை வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட துண்டு ஐ.ஜி.ஏ.மேல் போர்வையாக ஒட்டிக்கொண்டு, குழந்தையின் வயிற்றில் அது செரித்துப்போகாமல் காக்கிறது. ஒரு நடைக்கு ஓர் ஆள். திரும்பி வருவதே கிடையாது.

இந்தச் சுமைதூக்கியின் வால் செல்லுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்; 103 அமினோ அமில நீளம். அதில் சவ்வை ஒட்டிய வெறும் 17 அமினோ அமிலத் துண்டுதான் கொல்லைக்கான முகவரி என்று மோஸ்டாவின் குழு 1991இல் காட்டியது. அந்தத் துண்டை நீக்கினால் புரதம் நேராக வாசலுக்குப் போய்விட்டது. வாசலுக்கே உரிய வேறொரு புரதத்தில் அந்தத் துண்டை ஒட்டினால் அது கொல்லைக்குத் திரும்பியது.

பிறகு இப்படிப் பல முகவரிகள் கிடைத்தன. அவற்றைப் படிக்கும் புரதக் கூட்டணி ஒன்றும் அகப்பட்டது. யேலில் ஐரா மெல்மனின் ஆய்வகத்துக்கு ஒரு பன்றிச் சிறுநீரகச் செல்வழி பெரிய உதவி செய்தது. அதில் கொழுப்பைப் பிடிக்கும் எல்.டி.எல். ஏற்பி, கொல்லைக்குப் போகாமல் வாசலில் வந்து நின்றது. ஏற்பியில் குறையில்லை. படிப்பவர்தான் அங்கே இல்லை. ஏ.பி.-1பி என்ற கூட்டணியின் ஓர் உறுப்பினரை அந்தச் செல் செய்வதே இல்லை என்று 1999இல் தெரிந்தது. அந்த மரபணுவைச் சேர்த்ததும் ஏற்பி கொல்லைக்குப் போனது.

எல்.டி.எல். ஏற்பி என்பது ரத்தத்திலிருந்து கொழுப்பை அள்ளும் கை. அது நிற்குமிடத்திலேயே நின்றுகொண்டிருப்பதில்லை. சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே போய்க் கொழுப்பை இறக்கிவிட்டுத் திரும்ப மேலே வரும். சுமார் 20 மணி நேர ஆயுளில் நூறு சுற்றுக்கு மேல். இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு சுற்றிலும் செல் 100க்கு 95 ஏற்பிகளைச் சரியாகக் கொல்லைக்குத் திருப்பி அனுப்புகிறது, 5ஐத் தவறவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல மதிப்பெண்தான். ஆனால் 14 சுற்று முடிவதற்குள், அதாவது இரண்டரை மணி நேரம் ஆவதற்குள், பாதி ஏற்பிகள் தப்பான பக்கம் போயிருக்கும். கோல்கியிலிருந்து கிளம்பும்போது ஒருமுறை முகவரி பார்த்தால் போதாது. ஒவ்வொரு முறை வீட்டுக்குள் வந்து போகும்போதும் பார்க்க வேண்டும். ஏ.பி.-1பி பெரும்பாலும் வேலை செய்வது இந்தச் சுற்றுப்பாதையில்தான். வாசல், கொல்லை என்ற பிரிவு கட்டிமுடித்த கட்டடம்போலத் தோன்றினாலும், உண்மையில் அது நிமிடந்தோறும் நடக்கும் பராமரிப்பு.

பராமரிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதைப் பின்லாந்தில் காணலாம். பரம்பரையாக ரத்தக் கொழுப்பு ஏறும் குடும்பங்களில் ஒரு மரபுக்கோளாறுக்குத் துர்க்கு நகரத்தின் பெயரே வைத்திருக்கிறார்கள். 839 அமினோ அமிலம் கொண்ட ஏற்பியில் 823ஆவது இடத்தில் மட்டும் கிளைசினுக்குப் பதில் அஸ்பார்ட்டிக் அமிலம். ஏற்பி உருவாகிறது, கொழுப்பைப் பிடிக்கும் திறனும் இருக்கிறது. ஆனால் 2001இல் கொய்விஸ்டோ, ஹப்பர்ட், மெல்மன் மூவரும் காட்டியபடி, ஈரல் செல்லில் அது ரத்தம் ஓடும் பக்கம் குறைந்து, பித்தம் வடியும் பக்கத்தில் போய் நிற்கிறது. கடைத்தெருவில் நிற்கவேண்டிய ஆள் கிணற்றடியில் காத்துக்கொண்டிருந்தால் கொள்முதல் எப்படி நடக்கும்?

வாசலுக்கான முகவரி இவ்வளவு தெளிவாக இல்லை. சில புரதங்களுக்குச் சவ்வின் வெளியடுக்கில் செருகிய கொழுப்பு நங்கூரம்தான் அடையாளம். சிலவற்றுக்கு வெளிப்புறத்தில் ஒட்டிய சர்க்கரைச் சங்கிலி. இன்னும் சிலவற்றுக்குச் சவ்வுக்குள் புதைந்த பகுதியே. வாசல்பக்கச் சவ்வில் ஸ்ஃபிங்கோலிப்பிட் வகைக் கொழுப்புகள் மிகுதி என்பதைக் கவனித்த கை சைமன்ஸ், கோல்கியில் இந்தக் கொழுப்புகளும் கொலஸ்ட்ராலும் கூடிக் கட்டுமரம்போல மிதக்கின்றன, வாசலுக்கு உரிய புரதங்கள் அவற்றில் ஏறிக்கொள்கின்றன என்றார். 1997இல் எலினா இகோனெனுடன் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தக் கட்டுமரம் செல் உயிரியலின் எல்லாத் துறையிலும் மிதக்கத் தொடங்கியது. சோப்புக் கரைசலில் கரையாத எல்லாமே கட்டுமரம் என்று அறிவித்த கட்டுரைகள் ஏராளம். கருத்து நல்லது; அதன் தலையில் ஏற்றிய பாரம்தான் அதிகம்.

அதிலும் ஒரே முகவரியை எல்லா ஊரிலும் ஒரேபோலப் படிப்பதில்லை. எம்.டி.சி.கே. செல்லில் வாசலுக்குப் போகும் கொழுப்பு நங்கூரப் புரதங்கள் பல, எலியின் தைராய்டுச் செல்வழி ஒன்றில் கொல்லைக்குப் போகின்றன. ஈரல் செல் இன்னும் விசித்திரம். வாசலுக்குரிய சவ்வுப் புரதங்களைக்கூட முதலில் ரத்தப்பக்கக் கொல்லைக்கு அனுப்பிவிட்டு, பிறகு அங்கிருந்து பொறுக்கி எடுத்து வாசலுக்குக் கொண்டுபோகிறது என்று 1987இல் ஆன் ஹப்பர்டின் ஆய்வகம் காட்டியது. சோடியம் பம்ப்பே பக்கம் மாறும் இடமும் உண்டு. மூளைக்குள் திரவம் சுரக்கும் கோராய்டு வலையில் அது வாசலில் நிற்கிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் மூளைத் தண்டுவடத் திரவம் அப்படித்தான் சுரக்கிறது. உப்பைத் தெருப்பக்கம் தள்ள வேண்டிய வீட்டில் பம்ப்பைத் தெருவில் வைப்பதுதானே முறை.

எது கொல்லை என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது? காலடியில் இருப்பதைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. எம்.டி.சி.கே. செல்களைத் திரவத்தில் மிதக்கவிட்டால் அவை கூடி உள்ளீடற்ற பந்துகளாகும்; வாசல் வெளிப்பக்கம் இருக்கும். அந்தப் பந்துகளைக் கொலாஜன் கூழுக்குள் புதைத்தால் வீடே முகம் திரும்புகிறது. வெளியே இருந்த வாசல் உள்ளே போய், கொலாஜனைத் தொடும் புறம் கொல்லையாகிவிடுகிறது. நெல்சனும் உடன் பணியாற்றியவர்களும் 1990இல் இதைப் பதிவு செய்தார்கள். அண்டைச் செல்லைத் தொடுவதும் ஓர் அடையாளம். கியோட்டோவில் மசதோஷி டகெய்ச்சி அடையாளம் கண்ட கேட்ஹெரின் புரதங்கள் கால்சியம் இருந்தால்தான் கைகோக்கும். திரவத்திலிருந்து கால்சியத்தை எடுத்துவிட்டால் பாய் பிரிந்து செல்கள் உருண்டை பிடிக்கின்றன; திரும்பச் சேர்த்தால் சில மணி நேரத்தில் மறுபடி பாய்.

வெளியிலிருந்து வரும் இந்தச் சைகையை உள்ளே யார் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது சம்பந்தமே இல்லாத ஓரிடத்தில் தெரியவந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கென்னத் கெம்ஃபியூஸ் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவின் கருமுட்டையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த முட்டை முதல் பிளவிலேயே சமமில்லாமல் பிரியும். முன்பக்கச் செல் பெரிது, பின்பக்கச் செல் சிறிது. இந்த ஏற்றத்தாழ்வு குலைந்து சரிபாதியாகப் பிரியும் முட்டைகளைத் தேடிப் பிடித்து, 1988இல் பார் மரபணுக்களை அவர் குழு அறிவித்தது. பின்னர் இயங்குமுறையும் விளங்கியது. பார் புரதங்களில் ஒரு கட்சி முன்பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. மறு கட்சி பின்பக்கத்தை. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் வந்தால் அவர்மேல் பாஸ்பேட் ஒட்டிச் சவ்விலிருந்து விரட்டிவிடுகிறார்கள். வேலி எதுவும் கிடையாது. ஓயாத விரட்டல்தான் எல்லை.

அதே புரதங்கள் எபிதீலியச் செல்லிலும் அதே சண்டையைப் போடுகின்றன. அங்கே முன்பக்கம் வாசல், பின்பக்கம் கொல்லை. பழ ஈயில் வாசல் கட்சிக்கு இன்னோர் ஆள் உண்டு. அது கெட்டுப்போன ஈக்கருவின் மேல்தோல் ஒரே உறையாக அமையாமல் ரொட்டித்தூள்போல உதிர்ந்து கிடந்ததால் அந்த மரபணுவுக்கு 'ரொட்டித்தூள்' என்ற பொருளில் கிரம்ப்ஸ் என்று பெயர். டெபாஸும் எலிசபெத் கினுஸ்டும் 1990இல் அதன் புரதம் வாசலில் மட்டுமே இருப்பதைக் காட்டினார்கள். அளவுக்கு மிஞ்சி அதைச் செய்யவைத்தால் வாசல் விரிந்து கொல்லையைத் தின்றுவிடும். மனிதரிடம் இதே மரபணுவின் ஒரு வடிவம் பழுதானால் விழித்திரை சிதைந்து பார்வை போகிறது. 1999இல் அது நிறுவப்பட்டது.

பார் வரிசையில் நான்காவதன் மனித உறவு எல்.கே.பி.1. உட்ரெக்டில் ஹான்ஸ் கிளெவர்ஸின் குழு 2004இல் குடல் செல்வழி ஒன்றில் அந்த ஒரே நொதியை மருந்து கொடுத்து முடுக்கியது. தனியாக நின்ற ஒற்றைச் செல், அண்டைச் செல் ஏதுமில்லாமல், தன் ஒரு பக்கத்தில் குடலுக்கே உரிய தூரிகைபோன்ற நுண்விரல்களை நீட்டியது. மற்றப் புரதங்களும் பக்கம் பிரிந்தன. தெருவே இல்லாத வெட்டவெளியில் ஒருவர் வாசலும் திண்ணையும் வைத்து வீடு கட்டியதுபோல.

அந்த நுண்விரல்கள் இடம் தவறிப்போகும் நோய் ஒன்று இருக்கிறது. மிகவும் அரிது. பிறந்த சில நாளிலேயே குழந்தைக்கு நீராகப் பேதியாகும். உணவை நிறுத்தினாலும் நிற்காது. உப்புச் சர்க்கரைக் கரைசலும் பலன் தராது. ஏனென்றால் அதை உள்ளே வாங்கவேண்டிய எஸ்.ஜி.எல்.டி.1 வாசலுக்கு வந்து சேரவே இல்லை. 1978இல் மருத்துவர்கள் முதலில் விவரித்த இந்த நோய்க்குக் காரணம் 2008இல் தெரிந்தது. குமிழ்களைச் செல்லின் எலும்புக்கூட்டுத் தடங்கள் வழியே இழுத்துவரும் மயோசின் 5பி என்ற இழுவை மோட்டாரில் பழுது. சரக்கு வாசலை எட்டுவதில்லை.

அந்தக் குழந்தைகளுக்கு நாளம் வழியாகத்தான் ஊட்டம் கொடுக்க வேண்டும். சிலருக்குச் சிறுகுடல் மாற்றுச் சிகிச்சை வரை போகும். குடலிலிருந்து எடுத்த துணுக்கை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், செல்லின் மேற்புறம் வழுக்கையாக, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில விரல்களோடு தெரியும். அதற்குக் கீழே, செல்லின் வயிற்றுக்குள், ஒரு வட்டக் குமிழ். அதன் உள்சுவரைச் சுற்றிலும் நுண்விரல்கள் நெருக்கமாக, நேர்த்தியாக, நடுவே உள்ள வெற்றிடத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன. வாசல் முழுதாகக் கட்டப்பட்டிருக்கிறது, வீட்டுக்குள்ளேயே.